பசையில்லாமல் ஒட்டும் மின்சுற்று

மழை ஓய்ந்த கரிசல் காட்டில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறீர்களா? கோவில்பட்டிப் பக்கத்து மாணவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்தடி போவதற்குள் பாதம் கனத்துவிடும். அதே மண் காய்ந்து கட்டியானால் ஒட்டாது, குத்தும். ஈர மண் பாதத்தின் மேடுபள்ளங்களுக்கு இணங்கிப் படிகிறது. கட்டியோ இரண்டு மூன்று முனைகளில் மட்டுமே தொடுகிறது. (ஈரத்தில் நீரின் பரப்பு இழுவிசையும் சேர்ந்துகொள்கிறது என்பது வேறு கதை.)

2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் ரோஜர்ஸ் குழுவினர், பசையே இல்லாமல் தோலில் ஒட்டி, இதயத் துடிப்பின் மின்குறிகளைப் பதியும் ஒரு மெல்லிய ஏட்டை உருவாக்கினர். அதைப் பிடித்துவைப்பது எது?

எந்த இரு பொருள்களின் மூலக்கூறுகளும் நெருங்கினால் ஒன்றையொன்று இழுக்கும். இதுவே வாண்டர் வால்ஸ் விசை. இடைவெளி சில நானோமீட்டருக்குள் இருந்தால்தான் அது பயன்படும். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! ஆனால் புறங்கையை உருப்பெருக்கியில் பாருங்கள்: உழுத நிலம்போல் வரப்பும் சாலுமாக இருக்கும். ஏடு அந்தச் சாலுக்குள் இறங்க வேண்டுமானால் வளைய வேண்டும். வளைக்க ஆற்றல் தேவை. வளைவதை எதிர்க்கும் விறைப்பு, தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமன் பத்தில் ஒரு பங்கானால் விறைப்பு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அப்போது அந்த மெலிந்த விசையே போதும். ஈரமான புறங்கையில் தீப்பெட்டி அட்டையை வைத்துக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். பிறகு மிட்டாய் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்துப் பாருங்கள்.

வளைந்தால் மட்டும் போதாது, நீளவும் வேண்டும். தோல் நூற்றுக்கு முப்பது பங்குவரை நீளும். சிலிக்கானோ ஒரு பங்கு நீண்டாலே கோடைக் கரிசல்போல் விரிசல்விடும். ஆகவே கம்பிகளைப் பாம்புபோல் நெளித்து அமைக்கிறார்கள். இழுத்தால் நெளிவு நிமிரும், கம்பி முறியாது.

குறைமாதக் குழந்தையின் தோல் மிக மெல்லியது. வழக்கமான ஒட்டுப்பட்டையை உரிக்கும்போது தோலும் சேர்ந்து உரிந்துவிடலாம். 2019இல் ரோஜர்ஸ் குழுவினர் அத்தகைய குழந்தைகளுக்கு நெஞ்சில் ஒன்றும் பாதத்தில் ஒன்றுமாகக் கம்பியில்லா ஏடுகளைப் பொருத்தினர். ஏடு இணங்கிப் படிந்ததால் லேசான பிடிப்பே போதுமானதாயிற்று.

நம் சித்திரை வெயிலில் வியர்வை என்னாகும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மூடிய ஏட்டின் அடியில் வியர்வை தேங்கினால் தோல் அரிக்கும், பிடிப்பும் விட்டுப்போகும். 2017இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் டகாவோ சொமெயா குழுவினர், நீரில் கரையும் நுண்ணிழை வலைமீது தங்கத்தைப் படியவைத்தனர். தோலில் வைத்து நீர் தெளித்தால் இழை கரையும். தங்க வலை மட்டும் ஒட்டி நிற்கும். வலைக்கண் வழியே வியர்வை வெளியேறிவிடும்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு: 40 மைக்ரான் தடிமனுள்ள ஏட்டை அதே பொருளில் 10 மைக்ரானாக்கினால் விறைப்பு எத்தனை மடங்கு குறையும்?