கோப்புப் பகிர்வும் பதிப்புரிமையும்: பொறுப்பு யாருடையது?

ஒரு திரைப்படம் உருவாவதில் எழுத்தாளர், இசையமைப்பாளர் முதல் தினக்கூலி பெறும் தொழிலாளர் வரை பலருடைய உழைப்பு அடங்கியுள்ளது. அப்படத்தின் திருட்டுப் பிரதி இணையத்தின் வழியே இலவசமாகப் பரவுமாயின், அவ்வுழைப்பின் பயனை வேறொருவர் கவர்ந்துகொள்கிறார். இதற்குப் பொறுப்பாளி யார்? கோப்பைப் பகிர்ந்த தனிமனிதரா, அதற்கான மென்பொருளை வழங்கியவரா, இணைய இணைப்பை அளித்த நிறுவனமா? இவ்வினாவுக்கு நீதிமன்றங்கள் படிப்படியாகவே விடை கண்டுள்ளன.

கருவியும் நோக்கமும்

முறையான பயன்கள் கணிசமாக உள்ள ஒரு கருவியை விற்றமையால் மட்டுமே, அதை வாங்கியவர் புரியும் உரிமை மீறலுக்கு விற்றவர் பொறுப்பாகமாட்டார் என்று, சோனி நிறுவனத்தின் வீடியோப் பதிவுக் கருவி பற்றிய வழக்கில் 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1999-ல் தொடங்கப்பட்ட நாப்ஸ்டர் இக்கோட்பாட்டைக் காட்டித் தப்ப இயலவில்லை. பாடல்கள் பயனாளர்களின் கணினிகளில் இருந்தபோதிலும், எப்பாடல் எவரிடம் உள்ளது என்னும் அட்டவணை நாப்ஸ்டரின் மையக் கணினிகளில் இருந்தது. மீறலை அது அறிந்திருந்தது. தடுக்கும் ஆற்றலும் அதற்கு இருந்தது. எனவே 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முடிவு அதற்குப் பாதகமாக அமைந்தது.

குரோக்ஸ்டர் நிறுவனம் மைய அட்டவணையைத் தவிர்த்தது. ஆயினும், மீறலை ஊக்குவிக்கும் நோக்குடன் கருவியை வழங்குபவர், அதனால் விளையும் மீறல்களுக்குப் பொறுப்பாவார் என 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. அறிவு, கட்டுப்பாடு, நோக்கம் ஆகிய மூன்றுமே பொறுப்பை அளக்கும் கோல்கள் என்பது இவற்றால் புலனாகும்.

பயனாளரின் நிலை

பிட்டோரன்ட் முறையில் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. துண்டுகளைப் பெறுபவர், தாம் பெற்றவற்றை அதே வேளையில் பிறருக்கு வழங்கியும் வருகிறார். ஆகவே, 'பெற்றேனேயன்றிக் கொடுக்கவில்லை' என்னும் வாதம் பொதுவாக எடுபடாது. இந்தியாவில், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி, தெரிந்தே உரிமையை மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். மீறல் வணிக ஆதாயத்திற்காக அன்று எனில், தக்க காரணங்களைப் பதிவு செய்து தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

இடைநிலை நிறுவனங்கள்

பிறர் அனுப்பும் செய்திகளைக் கடத்தும் நிறுவனங்களுக்கு, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79-ஆம் பிரிவு, நிபந்தனைகளுடன் கூடிய பாதுகாப்பு அளிக்கிறது. 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தமும், 2013-ஆம் ஆண்டின் விதிகளும் இதற்கு ஒரு நடைமுறையை வகுத்துள்ளன. உரிமையாளர் எழுத்து மூலம் புகார் செய்தால், அது முறையானதெனக் கண்ட நிறுவனம் 36 மணி நேரத்திற்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை கிட்டாவிடில், அணுகலை மீண்டும் அனுமதிக்கலாம். மீறல் நடக்கக்கூடும் என்னும் பொதுவான அறிவு போதாது. குறிப்பிட்ட படைப்பு பற்றிய அறிவு வேண்டும் என்று, மைஸ்பேஸ் வழக்கில் 2016-ல் தில்லி உயர்நீதிமன்ற அமர்வு விளக்கியது.

எஞ்சிய சிக்கல்

மையம் இல்லாத வலையமைப்பில் அறிவிப்பைப் பெறுவதற்கே ஒருவர் இல்லை. எனவே வழக்குகள், கோப்புகளுக்கு வழிகாட்டும் தளங்களின் மீதும், அவற்றை முடக்கும் வசதியுள்ள இணைப்பு நிறுவனங்களின் மீதும் திரும்பியுள்ளன. முடக்கிய தளம் வேறு பெயரில் தோன்றினால், புதிய வழக்கின்றி அதனையும் ஆணையில் சேர்க்க 2019-ல் தில்லி உயர்நீதிமன்றம் வழி செய்தது.

இத்தகைய ஆணை படைப்பாளிக்கு விரைவான நிவாரணம் தருகிறது. ஆனால் இதே தொழில்நுட்பத்தின் மூலம்தான் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களும் சட்டப்படி பகிரப்படுகின்றன. முடக்கம் பிழையாக நேர்ந்தால், குற்றமற்றவரின் வழியும் அடைபடும். ஆகவே, ஆணையை நிறைவேற்றும் அலுவலர், கருவியை நோக்காது அதன் பயன்பாட்டையே நோக்குதல் வேண்டும்.