எட்டும் தொலைவில் உதவி

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், ஆழிப்பேரலை மாமல்லபுரக் கரையோரக் குப்பங்களைத் தாக்கியது. தமிழகக் கடற்கரை நெடுகிலும் பல குழந்தைகள் அன்று பெற்றோரை இழந்தனர். அவர்களைத் தத்தெடுக்கப் பலர் முன்வந்தும், அரசு விரைந்து கொடுத்துவிடவில்லை. கல்மனம் போல் தோன்றினும் அது அறிவுடைய செயலே. பிரிந்த தந்தையோ சிற்றப்பனோ தேடி வரக்கூடும். குழந்தையைக் கவரும் வஞ்சகரும் அன்புடையார் போலவே வருவர் அன்றோ?

ஆதரவற்ற குழந்தைகளுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் காட்டும் வழிகளுள் ஒன்று வளர்ப்புப் பராமரிப்பு. தத்தெடுத்தல் வேறு, இது வேறு. தத்துப்பிள்ளை அக்குடும்பத்தின் பிள்ளையே ஆகிவிடும். இதிலோ, பெற்றோர் இறந்தோ, நோயுற்றோ, சிறைப்பட்டோ வளர்க்க இயலாதபொழுது, வேறொரு குடும்பம் குறித்த காலம்வரை குழந்தையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கிறது. தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட குழந்தைகள் நலக் குழு அக்குடும்பத்தை ஆராய்ந்து ஆணையிடும், மாதந்தோறும் பார்வையிடும். உடன்பிறந்தாரைக் கூடியவரை பிரிப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் வாத்சல்யா திட்டப்படி குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. விடுதியில் நூற்றுவருள் ஒருவனாய் உண்பதற்கும், ஒரு வீட்டில் பெயர்சொல்லி அழைக்கப்பட்டு உண்பதற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. ஆயினும் இவ்வழியை அறிந்தோர் சிலரே. தனித்து வாடும் குழந்தையைக் கண்டால் 1098 என்னும் எண்ணில் எவரும் கட்டணமின்றித் தெரிவிக்கலாம். பள்ளி மாணவரும் தெரிவிக்கலாம்.

பார்வையற்றோர்க்கோ தொலைவே பெருந்தடை. மாமல்லபுரத்தில் வாழும் ஒருவர் மாவட்ட அலுவலகத்தை நாடினால், முன்னர் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் கடந்து காஞ்சிபுரம் செல்லவேண்டியிருந்தது. கைப்பிடித்து உடன்வருபவர் அன்றைய கூலியை இழப்பார். 2019 நவம்பர் 29 அன்று செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று; வழியும் பாதியாய்க் குறைந்தது. அலுவலகம் தருவது இரக்கத்தால் இடும் பிச்சையன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணியிடங்களுள் நூற்றில் ஒன்றேனும் பார்வையற்றோர்க்கும் குறைபார்வையுடையோர்க்கும் உரியது என்கிறது.

அப்பணியை எய்தக் கல்வி வேண்டும். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கென அரசுப் பள்ளி உள்ளது. விழி காணாத எழுத்தை ஆங்கு விரல் காண்கிறது. பிரான்சு நாட்டில் பிறந்து, இளமையிலேயே பார்வை இழந்த லூயி பிரெயில் அமைத்த ஆறு புள்ளிகளே அவ்வெழுத்துக்கு அடிப்படை. 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் வகுக்கப்பட்டது. ஆதலின், தமிழ்ச் சிறுவன் தடவி அறியும் ககரத்தின் புள்ளிகளையே இந்திச் சிறுமியும் ககரமெனத் தடவி அறிகிறாள்.