நீர்ப்பாம்புகளின் வகைப்பாடும் பரவலும்

வட அமெரிக்காவின் நீர்நிலைகளில் வாழும் நஞ்சற்ற நீர்ப்பாம்புகள் 'நெரோடியா' என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. முற்காலத்தில் இவை ஐரோப்பிய நீர்ப்பாம்புகளுடன் 'நேட்ரிக்ஸ்' பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. ஐரோப்பியப் பாம்புகள் முட்டையிடுகின்றன. இவையோ குட்டி ஈனுகின்றன. இத்தகைய வேறுபாடுகளை ஆராய்ந்த அறிஞர்கள் 1977ஆம் ஆண்டில் இவற்றைத் தனிப் பேரினமாகப் பிரித்தனர்.

இவற்றுள் வடபுல நீர்ப்பாம்பு கனடாவின் தென்கிழக்குப் பகுதி முதல் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் வரை பரவியுள்ளது. உவர்ச்சதுப்பு நீர்ப்பாம்பு மெக்சிகோ வளைகுடா, புளோரிடா ஆகியவற்றின் கடற்கரையோரங்களில் வாழ்கிறது.

ஈரி ஏரித் தீவுகளில் வடபுல நீர்ப்பாம்பின் துணையினம் ஒன்று காணப்படுகிறது. தீங்கற்ற அதனை மக்கள் அஞ்சிக் கொன்றனர், வாழிடமும் சுருங்கியது. எனவே, 1999ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதனை அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினமாக அறிவித்துக் காத்தது. எண்ணிக்கை பெருகியதால் 2011ஆம் ஆண்டில் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வகைப்படுத்தி அறிந்தமையே இக்காப்பிற்கு அடிப்படையாயிற்று.