அன்றாடக் கலக்கம் தணியும் வழி

பெங்களூர் மாநகரில் வாழும் நம்மவரை உடல்நோயினும் மிகுதியாக வருத்துவது யாது? நாளைய பொழுதைப் பற்றிய கலக்கமே என்போம். வேலை நிலைக்குமா, வாடகைக்குப் பணம் எஞ்சுமா, பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று நள்ளிரவில் விழித்துக் கிடப்போர் அல்சூரிலும் உளர், சிவாஜிநகரிலும் உளர். இக்கலக்கத்தை இயல்பான முறையில் தணிக்குமாறு எங்ஙனம் என்பதே இப்பாடம்.

மஜ்ஜிம நிகாயத்தின் நான்காம் சூத்திரம் பயபேரவ சூத்திரம் எனப்படும். போதி பெறுமுன் தமக்கு நேர்ந்த அச்சத்தைப் பகவர் ஜானுஸ்ஸோணி என்னும் அந்தணருக்கு அதில் உரைக்கின்றார். அச்சம் தமக்கு வந்ததேயில்லை என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. இதனை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பக்கத்தின் எட்டாம் இரவிலும், பதினான்காம் பதினைந்தாம் இரவுகளிலும், மக்கள் அஞ்சும் தோப்புகளில் அவர் தனித்துத் தங்கினார். மயிலொன்று சுள்ளியை வீழ்த்தும். காற்றுச் சருகை அசைக்கும். உடனே நடுக்கம் எழும். அச்சத்தை எதிர்நோக்கியே நாம் ஏன் இருத்தல் வேண்டும் என்று அவர் தம்மையே வினவினார். நடக்கும்போது அச்சம் வந்தால் அது தணியும்வரை நடந்தார். நிற்கவோ அமரவோ இல்லை. அமர்ந்திருக்கும்போது வந்தால் அமர்ந்தே அதனை வென்றார். எந்நிலையில் வந்ததோ அந்நிலையிலேயே அதனைத் தீர்த்தார் என்க.

அஞ்சுவதை விட்டு விலகுந்தோறும் அச்சம் வளரும் என்று இக்கால மனநூலாரும் கூறுவர். ஆதலின், கூட்டத்தில் பேச அஞ்சுவோர் சிறு கூட்டத்தில் பேசிப் பழகுக. படுக்கையில் கலக்கம் எழுந்தால் கைப்பேசியைத் தேடாது மூச்சை நோக்குக.

மூச்சைப் பற்றி ஒரு சொல். ஆனாபானசதி சூத்திரம் மூச்சை அறியச் சொல்கிறதேயன்றி அடக்கச் சொல்லவில்லை. மருத்துவர் கூறும் பயிற்சியோ மூச்சின் வேகத்தைக் குறைப்பது. நிமிடத்திற்கு ஆறு மூச்சு என்னும் அளவில், வெளிவிடுதலைச் சற்று நீட்டினால் இதயத்தின் விரைவு தணியும். இரண்டும் வெவ்வேறு, இரண்டாலும் பயனுண்டு. வலிந்து மூச்சைப் பிடித்தல் மட்டும் வேண்டா.

காலையில் லால்பாக்கில் நடப்பதும் நன்று. இருநூற்று நாற்பது ஏக்கர் சோலை அது; அங்குள்ள பாறையோ ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடையது. அதன்மீது சிறிது அமர்ந்தால், நம் மாதக் கணக்கு சற்றுச் சிறிதாகத் தோன்றும். காப்பியை விடுக எனப் பெங்களூர்க்காரரிடம் சொல்லத் துணியோம், நாமும் விட்டோமில்லை. எனினும் அதிலுள்ள கபீனில் பாதி உடலினின்று நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலைக் காப்பியை நிறுத்தினால் இரவு உறக்கம் தெளியும்.

இவற்றால் தணியாத கலக்கமும் உண்டு. வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் கெட்டு, வேலைக்கும் செல்லவியலாத நிலை வந்தால் அது நோய். மருத்துவரை நாடுதலே முறை. அதில் நாணத்திற்கு இடமில்லை. நம் நகரிலேயே நிம்ஹான்ஸ் என்னும் மனநல நிலையம் 1974 முதல் அப்பெயரால் இயங்குகின்றது. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவிக்கும் அதுவே தலைமையிடம். எண் 14416, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.