கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

நம் அறக்கட்டளைக்கு வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் மனுக்களில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: "விசாரித்தேன், எல்லோரும் நன்றாக ஓடும் என்கிறார்கள்." யாரை விசாரித்தீர்கள் என்றால் மச்சான், சாச்சா, பக்கத்து வீடு. இவர்கள் முகத்துக்கு நேரே ஓடாது என்று சொல்வார்களா? அந்த வார்த்தையை நம்பி மனைவியின் நகையை அடகு வைத்துக் கடை திறந்து, எட்டே மாதத்தில் ஷட்டரை இறக்கியவர் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார். அந்த மனுவில் கையெழுத்திட்ட எங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆகவேதான், சமோசாக் கடை வைக்கக் கடன் கேட்டு வந்த ஒரு சகோதரியிடம், முதலில் 40 வீடுகளில் பேசிவிட்டு வாருங்கள் என்றோம். சொந்தக்காரர் வீடு கூடாது. "வாங்குவீர்களா?" என்றும் கேட்கக் கூடாது, அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். "கடைசியாக எப்போது வாங்கினீர்கள்? எங்கே? எத்தனை? என்ன விலை?" என்று நடந்ததைக் கேட்க வேண்டும். பதிலை அங்கேயே நோட்டில் எழுத வேண்டும். வேண்டாம் என்றவர்களிடம் காரணம் கேட்பது கூச்சமாக இருக்கும். ஆனால் உபயோகமான பதில் பெரும்பாலும் அவர்களிடம்தான் கிடைக்கிறது.

வாயால் கேட்பதோடு கண்ணாலும் பார்க்க வேண்டும். கெலாக்ஸ் நிறுவனம் 1994இல் இந்தியாவில் கார்ன்ஃப்ளேக்ஸ் விற்க வந்தது. அது குளிர்ந்த பாலில் மொறுமொறுப்பாக இருக்கும். நம் வீடுகளிலோ சூடான பாலை ஊற்றினார்கள், நமுத்துப் போனது. பெரிய கம்பெனிக்கே இந்த நிலை.

அந்தச் சகோதரி அறிந்து வந்தது இதுதான்: பொரித்த சமோசா தெருமுனை பேக்கரியிலேயே கிடைக்கிறது, ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் ஆறிவிடுகிறது. வீட்டில் செய்யலாமென்றால் பட்டி தேய்க்கப் பொறுமையில்லை. மடித்து வைத்த பச்சைச் சமோசா கிடைத்தால் நோன்பு திறக்கும் நேரத்தில் தாங்களே பொரித்துக்கொள்வோம் என்று பலர் சொன்னார்கள்.

சொன்னதை நம்பிவிடாமல், பத்து சமோசா கொண்ட பாக்கெட்டுக்கு முன்பணம் கேட்டுப் பார்க்கச் சொன்னோம். 26 பேர் வேண்டும் என்றார்கள். பணம் கொடுத்தவர்கள் 9 பேர். எங்களுக்கு அந்த ஒன்பதுதான் கணக்கு.

கடைக்கென்று 80,000 ரூபாய் கேட்டிருந்தவர், கடை வேண்டாம், பழைய ஃப்ரீசர் ஒன்று போதும் என்று 15,000 மட்டும் வாங்கிச் சென்றார். அடுத்த மாதம் முதல் தொழில் கடன் கேட்பவர்கள் மனுவோடு அப்படி ஒரு நோட்டையும் கொண்டு வாருங்கள்.