மிக்சரிலிருந்து கணினிக்கு ஒலிப்பதிவு

மாணவர்களே, ஒப்புமைச் சமிக்ஞை, இலக்கமுறைச் சமிக்ஞை ஆகியவற்றின் வரைவிலக்கணங்களை மனனஞ் செய்த பலர், அவற்றை ஒரு சந்தர்ப்பத்தில் பொருத்திக் கேட்கும்போது தடுமாறுகின்றனர். எனவே ஒரு சந்தர்ப்பத்தையே எடுத்துக்கொள்வோம்.

மானிப்பாயிலுள்ள ஒரு வீடு. கலியாண வீடுகளுக்கு இசை வழங்கும் டீ.ஜே. ஒருவர், இரண்டு பிளேயர்களிலிருந்து வரும் பாடல்களை மிக்சரில் இணைத்து, ஒரு மணித்தியாலத் தொகுப்பாகத் தமது கணினியில் பதிவுசெய்ய விரும்புகிறார் எனக் கொள்க.

மிக்சரிலிருந்து வெளிவருவது ஒலிக்கேற்பத் தொடர்ச்சியாக மாறும் ஒரு சிறிய மின்னழுத்தம். இது ஒப்புமைச் சமிக்ஞையாகும். பல மிக்சர்களில் பதிவுக்கென்றே 'றெக் அவுட்' எனும் தனி வெளியீடு உண்டு. பெரும்பாலும் பிரதான ஒலிக்குமிழைக் கூட்டிக் குறைப்பது இதனைப் பாதிக்காது. ஆகவே இதிலிருந்தே வயரை எடுக்க வேண்டும். அம்பிளிபயரின் ஸ்பீக்கர் வெளியீட்டை ஒருபோதும் கணினிக்குக் கொடுக்கலாகாது. ஒலி அட்டை பழுதடையும்.

மேசைக் கணினியில் நீல நிறத் துறை 'லைன் இன்', இளஞ்சிவப்புத் துறை மைக்குக்குரியது. மைக்கின் மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்குவதற்காக அமைந்த துறையில் மிக்சரை இணைத்தால் ஒலி உடைந்து கேட்கும். மடிக்கணினிகள் பலவற்றில் லைன் இன் இல்லை. அவற்றுக்கு யூ.எஸ்.பி. துறையில் பொருத்தும் ஒலி இடைமுகம் தேவை.

இனி ஒலி அட்டையின் வேலை. அது சமிக்ஞையின் அளவைச் சம இடைவெளிகளில் அளந்து எண்களாக்குகிறது. இதுவே மாதிரியெடுத்தல். மனிதச் செவி உணரும் உயர் மீடிறன் ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ். மாதிரியெடுப்பு வீதம் அதன் இரு மடங்கிலும் கூடுதலாக இருத்தல் வேண்டும். 1982 இல் விற்பனைக்கு வந்த இசைத்தட்டான சீ.டி.யில் இது செக்கனுக்கு 44,100 ஆகும். ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிற்று. அதாவது 65,536 மட்டங்கள்.

உதாரணம்: மேற்படி ஒரு மணித்தியாலத் தொகுப்பை இரு தடங்களில் (ஸ்டீரியோ), சுருக்காமற் பதிவுசெய்யத் தேவையான இடம் யாது?

44,100 × 16 × 2 = செக்கனுக்கு 1,411,200 பிற்று
÷ 8 = 176,400 பைற்று
× 3,600 = 635,040,000 பைற்று
÷ (1,024 × 1,024) ≈ 606 மெகாபைற்று

8 ஆற் பிரிக்க மறப்பதே இவ்வகை வினாவில் அதிகம் காணப்படும் பிழை. இதே தொகுப்பை செக்கனுக்கு 128,000 பிற்று வீதத்தில் எம்.பி.3 ஆக மாற்றினால் ஏறத்தாழ 55 மெகாபைற்று போதும். ஆனால் நீக்கப்பட்ட தரவை மீளப் பெற முடியாது. ஆகவே முதலிற் சுருக்காத 'வேவ்' கோப்பாகப் பதிவுசெய்து, பின்னர் பிரதியை மாற்றுவதே முறை. 2000 இல் வெளிவந்த இலவச மென்பொருளான ஓடாசிட்டி இதற்குப் போதுமானது.

இனிக் கூறப்போவது மிக முக்கியமானது. 16 பிற்றில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. சமிக்ஞை அதனைத் தாண்டினால், தாண்டிய மாதிரிகள் யாவும் 32,767 என்றே எழுதப்படும். அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும்; காதில் கரகரப்புக் கேட்கும். பிறகு ஒலியைக் குறைத்தாலும் இழந்த உச்சி முழுமையாகத் திரும்பாது, அந்த எண்கள் கோப்பிலேயே இல்லை. குறைந்த மட்டத்தில் பதிந்ததையோ பின்னர் உயர்த்தலாம். சற்று இரைச்சலும் கூடும், அவ்வளவே. எனவே மட்டமானியின் உச்சம் −12 இற்கும் −6 டெசிபெலுக்கும் இடையில் நிற்கட்டும்.

டீ.ஜே.க்கு வெட்டுப்பட்டால் மீண்டும் ஒருமுறை வாசித்துக்கொள்வார். மருதடி விநாயகர் ஆலயத் திருவிழாவில் தவிற் சமாவை மிக்சரிலிருந்து பதிபவருக்கு அந்த வசதி இல்லை. தனியாவர்த்தனத்தில் தவிலின் ஓர் அடி, முன்னர் சோதித்துப் பார்த்த மட்டத்தைச் சட்டெனத் தாண்டிவிடும். 1975 இல் காலமான தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை நாம் இன்று கேட்பது எஞ்சிய ஒலிப்பதிவுகளால் மாத்திரமே.

பதிவில் 'ம்ம்' என்ற தொடர் ஒலி கேட்டால், மிக்சரும் கணினியும் வெவ்வேறு இடங்களிற் புவித்தொடுப்புப் பெறுவது காரணமாகலாம். நமது மின்வழங்கலின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ் என்பதை விஞ்ஞானத்திற் படித்திருப்பீர்கள். இரண்டையும் ஒரே பிளக் பேஸில் இணைத்துப் பார்க்குக.

பயிற்சி

1. 22,050 மாதிரியெடுப்பு வீதம், 8 பிற்று, ஒரு தடம், 30 நிமிடம். சுருக்காத கோப்பின் அளவைக் காண்க. (விடை: ஏறத்தாழ 37.9 மெகாபைற்று)

2. மேற்படி பதிவில் 15,000 ஹேர்ட்ஸ் ஒலி சரியாகப் பதிவாகுமா? காரணம் தருக.