மின்சாரக் கார்: ஓடியது ஏன், நின்றது ஏன்?

திருவொற்றியூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு என்ஃபீல்டு என்றால் புல்லட்தான். 1950களிலிருந்து நம் ஊரோடு ஒட்டிப்போன பெயர் அது. அதே பெயரில் ஒரு கார் இருந்தது, அதுவும் பெட்ரோலே ஊற்றாத கார் என்று வகுப்பில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. "மச்சி, சும்மா கதை விடாதே" என்றார்கள். கதையல்ல நண்பர்களே. என்ஃபீல்டு 8000 என்பது அந்தக் காரின் பெயர். நம் ஊர் ஆலையில் செய்ததல்ல. இங்கிலாந்தின் வைட் தீவிலும் கிரேக்க நாட்டின் சிரோஸ் தீவிலுமாக 1973ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் செய்தார்கள். 8 குதிரைத்திறன் மோட்டார், ஈய அமில பேட்டரி, இரண்டு பேர் உட்காரலாம். மொத்தமே சுமார் 120 கார்கள்தான் வந்தன. அதிலும் பாதிக்கு மேல் வாங்கியது அந்நாட்டு மின்வாரியங்களும் மின்சார கவுன்சிலும்! நம்ம ஈ.பி. ஆபீஸே தன் கரண்டை விற்கத் தானே கார் வாங்கிக்கொண்ட மாதிரி.

அங்கே நடந்தது இருக்கட்டும். நம் நாட்டில் என்ன ஆயிற்று?

1993 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் 'லவ்பேர்டு' என்று ஒரு குட்டிக் கார் வந்தது. எட்டி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற கம்பெனி, ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. கேரளத்தின் சாலக்குடியும் நம் கோயம்புத்தூரும்தான் பிறந்த வீடு. இதிலும் இரண்டு இருக்கை, ஈய அமில பேட்டரி, டி.சி. மோட்டார். வேகத்தைக் கட்டுப்படுத்த சாப்பர் சர்க்யூட். ஆமாம், நாம் பவர் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ஆசிலோஸ்கோப்பில் பார்த்துவிட்டு ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்குகிறோமே, அதே சாப்பர்தான். ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர் போகும். விற்றது கொஞ்சம்தான், சீக்கிரமே நின்றுவிட்டது.

அடுத்து வந்தது ரேவா. பெங்களூரின் மைனி குழுமம் அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து 1994இல் தொடங்கி, 2001இல் காரைச் சாலைக்குக் கொண்டுவந்தது. முன்னால் நின்று நடத்தியவர் சேத்தன் மைனி. இந்தக் கார் உண்மையிலேயே ஓடியது. 2012இல் உற்பத்தி நிற்பதற்குள் உலகம் முழுக்க நாலாயிரத்துக்கும் மேல் விற்றது. பதினோரு வருடத்துக்கு நாலாயிரம் என்பது பெரிய எண்ணிக்கையா? இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் சாலையில் ஓடிய மின்சாரக் கார்களில் அது பெரிய எண்ணிக்கைதான்.

சரி, ஏன் நின்றது? டீக்கடையில் கேட்டால் "பெட்ரோல் கம்பெனிக்காரன் அமுக்கிட்டான்பா" என்பார்கள். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. மின்னியல் படிக்கிறவன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

ரேவாவின் முன் சீட்டுகளைத் தூக்கினால் அடியில் எட்டு பேட்டரிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 6 வோல்ட், 200 ஆம்பியர்-மணி. எல்லாம் சீரிஸ் இணைப்பு. ஆக 48 வோல்ட். 48ஐ 200ஆல் பெருக்கினால் 9,600 வாட்-மணி. ஈ.பி. பாஷையில் சொன்னால் 9.6 யூனிட். இந்த எட்டும் சேர்ந்து கால் டன்னுக்கு மேல் எடை! ஒரு கிலோ பேட்டரிக்கு 35 வாட்-மணி அளவுதான் தேறும்.

பெட்ரோலில் கிலோவுக்கு 12,000 வாட்-மணி வெப்பம் இருக்கிறது. எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 2,400 வரும். அப்படியானால் ரேவாவின் மொத்தப் பேட்டரியும் நாலு கிலோ பெட்ரோலுக்குச் சமம், அதாவது ஐந்து லிட்டர் கேன் ஒன்று. அந்த ஒரு கேனைச் சுமக்க கால் டன் ஈயம்! கம்பெனி சொன்ன 80 கிலோமீட்டர் தூரமும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் விழுகிறது. சின்ன பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கொடுத்தால் ஐந்து லிட்டருக்கு 80. ரேவாவில் யாரும் ஏமாற்றவில்லை. ஈயத்தால் முடிந்தது அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது இதைவிட முக்கியம். மோட்டாரின் உச்ச சக்தி 13 கிலோவாட். 48ஆல் வகுத்துப் பாருங்கள்: 270 ஆம்பியர்! பேசின் பாலத்தில் ஏறும்போது கால் அழுத்தினால் கேபிளில் ஓடும் மின்னோட்டம் அந்த அளவைத் தொடலாம். பேட்டரி மேல் 200 ஆம்பியர்-மணி என்று அச்சடித்திருப்பது மெதுவாக இறக்கும்போது கிடைப்பது. வேகமாக உறிஞ்சினால் அவ்வளவு கிடைக்காது. தெர்மாஸ் பிளாஸ்க்கைச் சட்டென்று கவிழ்த்தால் டீ அடைத்துக்கொண்டு கொஞ்சமாக வருமே, கிட்டத்தட்ட அப்படி. அதனால் காலி சாலையில் 80 போகிற கார், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் நின்று நின்று போனால் அவ்வளவு போகாது. பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், அது ஒரு ஆறுதல்.

மாலை நேரத்தில் நான் தொழில் பழகப் போகும் பேட்டரிக் கடைக்கு ஒரு பழைய ரேவா வரும். திருவொற்றியூர் பெரியவர் ஒருவருடையது. ஏன் சார் இதை இன்னும் வெச்சிருக்கீங்க என்று கேட்டேன். "தம்பி, எனக்கு ராயபுரம் மார்க்கெட், பேங்க், கோயில். நாளைக்கு இருபது கிலோமீட்டர். இதுக்கு எதுக்குப்பா பெட்ரோல்?" என்றார். ராத்திரி வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் எட்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். தனி வீடு என்பதால் அவருக்கு வசதி. ராயபுரத்து மூன்றாவது மாடிக்காரர் ஜன்னல் வழியாக ஒயரை இறக்க முடியுமா? இப்படிப்பட்ட கார் யாருக்கு ஒத்துவந்தது, யாருக்கு வரவில்லை என்பதற்கு அந்த ஒரு பிளக்கே பாதி பதில்.

மீதி பதில் பேட்டரி மாற்றும் நாளில் வருகிறது. எட்டு பேட்டரி என்றால் 24 செல். சீரிஸில் ஒரு செல் சோர்ந்தாலும் மொத்த வண்டியும் சோரும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்தால், பாதி சார்ஜில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால், தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் சில வருடத்தில் முழு செட்டையும் மாற்றியாக வேண்டும். அந்தச் செலவு பழைய ரேவாவின் விலையோடு போட்டி போடும். தினம் தினம் மிச்சம் பிடித்த பெட்ரோல் காசை மொத்தமாக ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். அந்த நாளில்தான் பல சொந்தக்காரர்கள் காரைக் கைகழுவினார்கள் என்பது என் எண்ணம். மோட்டார் எரிந்து போய்க் கைவிட்டவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

இதற்கு அத்தாட்சி ரேவாவிலேயே இருக்கிறது. பின்னால் வந்த ரேவா-ஐ மாடலில் டி.சி. மோட்டாரை எடுத்துவிட்டு ஏ.சி. இண்டக்ஷன் மோட்டார் வைத்தார்கள். வேகம் 65இலிருந்து 80 ஆயிற்று, ஆனால் தூரம் அதே 80 கிலோமீட்டர்தான். 2009இல் ஈயத்தை எடுத்துவிட்டு லித்தியம் அயான் போட்டார்கள். எடை குறைந்தது, தூரம் 120 ஆயிற்று. விலைதான் எட்டவில்லை.

லண்டன் கதை வேறு. அங்கே இதே கார் 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஆயிரத்துக்கு மேல் போனது. 2003இல் லண்டன் நகர மையத்தில் நுழையும் கார்களுக்குக் கட்டணம் போட்டார்கள். மின்சாரக் காருக்கு விலக்கு. பல இடங்களில் பார்க்கிங்கும் இலவசம். டெலிவிஷனில் கேலி செய்தார்கள், 2007இல் மோதல் சோதனை செய்து 'இது பாதுகாப்பா?' என்றும் கேட்டார்கள். சட்டப்படி அது கார் வகையிலேயே வராத இலகு வாகனம், அதனால் அந்தக் கேள்வி நியாயமானதே. இருந்தும் வாங்கினார்கள், ஏனென்றால் கணக்கு கட்டியது. நம் நாட்டில் மத்திய அரசின் மானியம் 2010 நவம்பரில் வந்து 2012 மார்ச்சில் முடிந்துவிட்டது. அடுத்த திட்டமான ஃபேம் 2015 ஏப்ரலில்தான் வந்தது. நடுவில் மூன்று வருடம் வறட்சி.

2010 மே மாதத்தில் மகிந்திரா ரேவாவின் பெரும்பங்கை வாங்கியது. 2013 மார்ச்சில் லித்தியம் பேட்டரியோடு இ2ஓ வந்தது. அதற்குள் பழைய ரேவா நின்றுவிட்டது. இ2ஓ வரிசையும் 2019இல் முடிந்தது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1996 முதல் 1999 வரை செய்த 1,117 இ.வி.1 கார்களை வாடகைக்கு மட்டுமே கொடுத்து, பின்பு திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நசுக்கிப்போட்டார்கள். வேண்டும் என்று கெஞ்சியவர்களுக்கும் விற்கவில்லை. அதைப் பார்க்கும்போது நம் ஊர் ரேவாக்காரர் கொடுத்துவைத்தவர். கார் அவருடையது. பேட்டரிக்குப் பதில் பேட்டரி கிடைக்கும். சார்ஜர் போர்டோ கன்ட்ரோலரோ போனால்தான் திண்டாட்டம், உற்பத்தி நின்ற காருக்குப் புதுசு எங்கே போவது? போர்டைப் பிரித்து, எந்த மாஸ்ஃபெட் போயிருக்கிறது என்று பார்த்து மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்டின் குழும நிறுவனமான ஸ்விட்ச் செய்த 120 மின்சாரப் பேருந்துகள் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டிப்போவிலிருந்து கிளம்பின. அவற்றுக்கும் பத்து வயது ஆகும்.

கடையில் நான் கற்ற ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன், யாராவது பழைய ரேவாவோடு வந்தால் உதவும். சார்ஜ் ஏற்றி ஓய்வில் வைத்துப் பார்த்தால் எட்டு பேட்டரியும் 6 வோல்ட்டுக்கு மேல் காட்டி நம்மை ஏமாற்றும். லோடு கொடுத்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். மற்ற ஏழும் தாங்கி நிற்க, எது 5.25 வோல்ட்டுக்குக் கீழே சரிகிறதோ அதுதான் குற்றவாளி. பிறகு ஹைட்ரோமீட்டரை எடுத்து அதன் மூன்று செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். முழு சார்ஜில் 1.28 அளவு இருக்க வேண்டும். கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. தொடுவதற்கு முன்னால் மோதிரத்தையும் உலோக வாட்சையும் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். 48 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம், ஷார்ட் ஆனால் ஸ்பேனரையே உருக்கிவிடும்.